சொல்லுக்குக் கொடுத்த விலை: பாட்ரிஸ் லுமும்பா

ஆப்பிரிக்காவின் நடுவே, நிலநடுக்கோட்டின் இருபுறமும் பரந்து கிடக்கும் காங்கோ நாட்டில் 1960 முதல் பிரதமர் பதவியில் அமர்ந்தோர் பலர். சிலர் ஆண்டுக்கணக்கில் பதவியில் நீடித்தனர். சிலர் ஓரிரு மாதங்களில் வீழ்ந்தனர். ஒருவர் தூக்குமேடை ஏறினார். மற்றொருவர் அயல்நாட்டுக் காவலில் இறந்தார். இவர்களுள் முதலாமவர், விடுதலை நாளிலிருந்து பதவிநீக்க அறிவிப்பு வரை ஆண்டது 67 நாள்களே. எனினும் காங்கோ என்றவுடன் உலகம் நினைவுகூரும் பெயர் அவருடையதாகவே இருக்கிறது. அவரிடம் தனக்கெனப் படை இல்லை; செல்வம் இல்லை; பல்கலைக்கழகப் பட்டமும் இல்லை. இருந்தது சொல் ஒன்றே. அச்சொல்லால் உயர்ந்தவர், அச்சொல்லின் பொருட்டே பலரின் பகையைத் தேடிக்கொண்டு 35ஆம் வயதில் மாண்டார். அவர் பாட்ரிஸ் லுமும்பா.

பிறப்பும் கல்வியும்

1925ஆம் ஆண்டு சூலை 2ஆம் நாள், கசாய் பகுதியில் சங்குரு வட்டாரத்தின் ஒனலுவா என்னும் சிற்றூரில், தெத்தெலா இன உழவர் குடும்பமொன்றில் லுமும்பா பிறந்தார். அவர் பிறந்தபோது அந்நாடு பெல்ஜியத்தின் குடியேற்ற நாடாக இருந்தது. அதற்கு முன்னர் 1885 முதல் 1908 வரை பெல்ஜிய மன்னர் இரண்டாம் லியோபோல்டின் தனிச்சொத்தாகவே இருந்தது. ஒரு மன்னர் தம் நாட்டைப் போல் எழுபது மடங்குக்கு மேற்பட்ட பரப்புள்ள நிலத்தைத் தமக்கே உரிய தோட்டம்போல் வைத்திருந்தார். காட்டு ரப்பர் சேகரித்துத் தராத ஊர்கள் எரிக்கப்பட்டன. மக்களின் கைகள் வெட்டப்பட்டன. அக்கொடுமைகள் உலகறிய வெளிப்பட்ட பின்னரே பெல்ஜிய அரசு அந்நாட்டைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது. ரப்பர்க் கொடுமை ஓய்ந்தாலும் கட்டாய உழைப்பு ஓயவில்லை. செம்பும் வைரமும் கடல் கடந்து செல்வதும் நிற்கவில்லை.

லுமும்பா முதலில் மெதடிஸ்ட் சபைப் பள்ளியிலும் பின்னர்க் கத்தோலிக்கப் பள்ளியிலும் பயின்றார். காங்கோ மக்களுக்கு உயர்கல்வியின் வாயில் அந்நாளில் ஏறத்தாழ அடைத்தே கிடந்தது. நாடு விடுதலை பெற்றபோதும் அங்கிருந்த பட்டதாரிகள் முப்பது பேருக்கும் குறைவு. ஆகவே அவர் தாமே கற்றார். ஸ்டான்லிவில் நகரில் வாழ்ந்த நாள்களில் நூலகமே அவருக்குக் கல்லூரியாயிற்று. ரூசோ, வால்டேர், விக்டர் ஹியூகோ முதலியோரின் எழுத்துகள் பிரெஞ்சு மொழி வழியே அவரை அடைந்தன. தாய்மொழியான தெத்தெலாவுடன் சுவாகிலி, லிங்காலா, பிரெஞ்சு ஆகியவற்றிலும் அவர் தடையின்றிப் பேசுவார். இனத்துக்கொரு மொழியும் மொழிக்கொரு கட்சியுமாகப் பின்னாளில் பிரிந்து நின்ற நாட்டில், ஊர்தோறும் சென்று அவ்வூரார் மொழியில் பேச வல்லவராக அவர் இருந்தது சிறிய செய்தியன்று.

லியோபோல்டுவில் நகரிலிருந்த அஞ்சல் பயிற்சிப் பள்ளியில் தேர்ச்சி பெற்று, ஸ்டான்லிவில்லில் அஞ்சல் எழுத்தராகப் பணிபுரிந்தார். காங்கோலியரின் குரல் என்னும் பொருள்படும் பிரெஞ்சு இதழிலும் பிற ஏடுகளிலும் கட்டுரைகள் எழுதினார், கவிதைகளும் எழுதினார். கல்வியும் ஐரோப்பிய நடையுடையும் பெற்ற கறுப்பர்களை, வளர்ச்சியுற்றோர் என ஒரு தனி வகுப்பாகப் பெல்ஜிய ஆட்சி பிரித்து வைத்திருந்தது. அவ்வகுப்பில் சேர விழைவோர் வீட்டின் உண்கலம் முதல் படுக்கையறை வரை அதிகாரிகள் பார்வையிட்டுச் சான்று வழங்குவர். அச்சான்றினை லுமும்பாவும் விரும்பிப் பெற்றார். அந்நாளில் அவர் எழுதியவற்றில் கலகக் குரல் இல்லை. வெள்ளையரும் கறுப்பரும் இணைந்து வாழும் ஒரு காங்கோவை, பெல்ஜியத்தின் நல்லெண்ணத்தை நம்பி அவர் கனவு கண்டார். இதனை மறைத்து அவரைப் பிறவிப் புரட்சியாளராகக் காட்டுவோர் அவர் வாழ்வின் சிறப்பையே மறைத்தவராவர். நம்பியவர் ஏமாந்தார், ஏமாந்த பின்னரே எழுந்தார்.

சிறையும் மேடையும்

1956இல் பெல்ஜிய அரசின் அழைப்பின்பேரில் அந்நாட்டைச் சுற்றிப் பார்த்துத் திரும்பியவர், அஞ்சலகப் பணத்தைக் கையாடினார் என்னும் குற்றச்சாட்டில் கைதானார். நீதிமன்றம் ஈராண்டுத் தண்டனை விதித்தது. பின்னர் அது குறைக்கப்பட்டது. சிறையில் இருந்தபோது காங்கோவின் வருங்காலம் குறித்து அவர் எழுதிய நூல், அவர் மறைவுக்குப் பின் 1961இல் அச்சாயிற்று. அந்நூலிலும் பெல்ஜியத்தின் மீதான நம்பிக்கை முற்றும் அற்றுவிடவில்லை.

1957இல் வெளிவந்தவர் தலைநகராகிய லியோபோல்டுவில் சேர்ந்து, பீர் ஆலையொன்றின் விற்பனைப் பொறுப்பை ஏற்றார். போலார் என்னும் தம் ஆலைச் சரக்கை விற்பதற்காகச் சந்துபொந்தெல்லாம் அலைந்தார். மதுக்கடை முற்றங்களில் கூடிய எளிய மக்களிடம் பேசிப் பேசி, நூலில் கற்ற பிரெஞ்சு நடையைத் தெருவின் நடைக்கு இறக்கிக்கொண்டார்.

1958 அக்டோபரில் காங்கோ தேசிய இயக்கம் தோன்றியது. லுமும்பா அதன் தலைவரானார். பிற கட்சிகள் பெரும்பாலும் ஓர் இனத்தையோ ஒரு வட்டாரத்தையோ சார்ந்தவை. காசவுபுவின் அபாக்கோ கட்சி பகோங்கோ மக்களுடையது. சோம்பேயின் கட்சி கட்டாங்காவினது. நாடு முழுவதும் ஒன்றே என முழங்கியது லுமும்பாவின் இயக்கம். அவ்வாண்டு டிசம்பரில் கானாவின் அக்ரா நகரில் கூடிய அனைத்து ஆப்பிரிக்க மக்கள் மாநாட்டுக்குச் சென்று, நுக்ருமாவைக் கண்டு திரும்பினார். சென்றவர் சீர்திருத்தம் கோரியவர். திரும்பியவர் விடுதலை கோரியவர்.

1959 சனவரி 4ஆம் நாள் தலைநகரில் கலவரம் மூண்டது. மன்னர் போதுவான் விடுதலை அளிப்பதாக வாக்களித்தார், நாள் குறிக்கவில்லை. அக்டோபர் இறுதியில் ஸ்டான்லிவில்லில் லுமும்பாவின் கட்சி மாநாட்டை ஒட்டி எழுந்த கிளர்ச்சியில் உயிர்கள் பல பலியாயின. கிளர்ச்சியைத் தூண்டினார் என அவர் மீண்டும் சிறைப்பட்டார். இவ்வாண்டில்தான், கறுப்பின உடன்பிறப்பின் துயரைப் பாடும் அவருடைய கவிதை கட்சி ஏட்டில் வெளிவந்தது. கவிதையில் அவர் பெரும்புலவர் அல்லர். ஆயினும் அதில் அழுகையாகத் தொடங்கிய ஒன்றே மேடையில் முழக்கமாயிற்று.

1960 சனவரியில் பிரசெல்சு நகரில் வட்டமேசை மாநாடு கூடியபோது லுமும்பா சிறையில் இருந்தார். அவரில்லாமல் பேச்சில்லை எனக் காங்கோவின் பேராளர்கள் உறுதியாய் நின்றனர். ஆட்சியினர் பணிந்தனர். சிறையிலிருந்து விமானத்தில் ஏற்றப்பட்டு, மணிக்கட்டில் விலங்கின் தழும்போடு அவர் மாநாட்டுக்கு வந்து சேர்ந்தார். சூன் 30 விடுதலை நாள் என முடிவாயிற்று. மே மாதத் தேர்தலில் 137 இடங்களுள் 33ஐ வென்று அவருடைய கட்சி தனிப்பெருங் கட்சியாயிற்று. காசவுபு குடியரசுத் தலைவராகவும் லுமும்பா பிரதமராகவும் பொறுப்பேற்றனர். அவருடைய அமைச்சரவைக்கு ஆதரவாக 74 உறுப்பினர்கள் வாக்களித்தனர்.

நிரலில் இல்லாத உரை

1960 சூன் 30. நாடாளுமன்ற மண்டபத்தில் விடுதலை விழா. மன்னர் போதுவான் எழுந்து, தம் முன்னோர் லியோபோல்டின் பேரறிவைப் புகழ்ந்தார். காங்கோவின் விடுதலை அவர் தொடங்கிய திருப்பணியின் நிறைவு எனக் கூறினார். கை வெட்டப்பட்டோரின் பேரர்கள் அதனைக் கேட்டுக்கொண்டிருந்தனர். காசவுபு முறைப்படி மறுமொழி கூறினார். நிரலின்படி உரைகள் அத்தோடு முடிய வேண்டும். மன்னர் பேசும்போதே தாளில் திருத்தங்கள் எழுதிக்கொண்டிருந்த லுமும்பா அப்போது மேடை ஏறினார்.

மன்னரை விளித்து அவர் தொடங்கவில்லை. வெற்றி பெற்ற விடுதலைப் போராளிகளை விளித்தே தொடங்கினார். இவ்விடுதலை எவரும் ஈந்த கொடையன்று, கண்ணீராலும் நெருப்பாலும் குருதியாலும் வென்றது என்றார். வயிறு நிறையாத கூலிக்குச் செய்த கட்டாய உழைப்பையும், சட்டத்தின் பெயரால் பறிபோன நிலங்களையும், வெள்ளையனுக்கொன்றும் கறுப்பனுக்கொன்றுமாய் வளைந்த நீதியையும் வரிசைப்படுத்தினார். அவ்வரிசையில் ஒன்று சொல் பற்றியது. வெள்ளையனை நீங்கள் என்று அழைத்தோர் கறுப்பனை நீ என்றே அழைத்தனர். அது நட்பின் உரிமையால் அன்று, மதிப்புச்சொல் வெள்ளையனுக்கு மட்டும் உரியது என்பதால் என்றார். பெருங்கொடுமைகளின் பட்டியலில் ஒரு முன்னிலைப் பெயரையும் சேர்த்தவரைக் கவிஞர் என்றே கொள்ள வேண்டும். நீயும் நீங்களும் வேறாகும் மொழியில் வாழ்வோர், அந்த ஓரெழுத்து எவ்வளவு ஆழமாய் வெட்டும் என்பதை உணர்வர்.

மண்டபம் பலமுறை கைதட்டால் அதிர்ந்தது. வானொலி அவ்வுரையை நாடெங்கும் கொண்டு சென்றது. மன்னர் சினந்து அப்போதே புறப்பட எண்ணினார். இணக்கப்பேச்சுக்குப் பின் விருந்து தாமதமாக நடந்தது. அவ்விருந்தில் லுமும்பா பெல்ஜியத்தைப் பாராட்டிச் சில சொற்கள் கூறினார். ஆனால் முதலில் சொன்னதை எவரும் மறக்கவில்லை. அவ்வுரை நிகழ்ந்திராவிடில் அவர் பிழைத்திருப்பார் என்போர் உண்டு. கட்டாங்காவின் செம்புச் சுரங்கங்களைக் கைவிட மனமில்லாதோர், உரை நிகழாவிடினும் அவரை விட்டிருப்பரோ என்பது ஐயமே.

அறுபத்தேழு நாள்கள்

சூலை 5ஆம் நாள் படையில் கலகம் எழுந்தது. ஏறத்தாழ 25,000 பேர் கொண்ட அப்படையில் காங்கோ நாட்டவரான அதிகாரி ஒருவர்கூட இல்லை. விடுதலைக்குப் பின்னும் முன்போலவே எல்லாம் நடக்கும் எனப் பெல்ஜியத் தளபதி யான்சென்சு கரும்பலகையில் எழுதிக் காட்டியது எரியும் தீயில் எண்ணெய் வார்த்ததாயிற்று. ஐரோப்பியர் தாக்கப்பட்டனர். சூலை 10இல், காங்கோ அரசின் ஒப்புதல் இன்றியே பெல்ஜியத் துருப்புகள் இறங்கின. மறுநாள் சோம்பே கட்டாங்காவைத் தனிநாடாக அறிவித்தார். சுரங்க நிறுவனமான யூனியன் மினியேர் தன் வரிப்பணத்தை நடுவணரசுக்குத் தராமல் அவருக்குத் தந்தது. பிறந்து பத்து நாளே ஆன அரசின் கருவூலம் வறண்டது. காசவுபுவும் லுமும்பாவும் ஒன்றாகச் சென்ற விமானத்தை எலிசபெத்வில்லில் இறங்க விடாமல் திருப்பினர்.

இருவரும் ஐ.நா. அவையின் உதவியை வேண்டினர். ஐ.நா. படை வந்தது, ஆயினும் உள்நாட்டுப் பூசலில் தலையிடுவதில்லை என்று கூறிக் கட்டாங்காவின் பிரிவினையை அடக்க மறுத்தது. லுமும்பா அமெரிக்கா சென்றார். அதிபர் ஐசனோவரைக் காணும் வாய்ப்புக் கிட்டவில்லை. அதன் பின்னரே சோவியத் ஒன்றியத்தின் விமானங்களையும் வண்டிகளையும் பெற்றார். பனிப்போர் உச்சத்தில் இருந்த காலம் அது. தம்மைப் பொதுவுடைமையர் அல்லர் என்று அவர் எத்தனை முறை கூறியும் எவரும் செவிசாய்க்கவில்லை. அமெரிக்க உளவு நிறுவனம் அவரைக் கொல்ல நஞ்சு அனுப்பியது, அது பயன்படுத்தப்படவில்லை. இச்செய்தியை 1975இல் அமெரிக்கச் செனட் குழுவே வெளியிட்டது.

அவர் செயல்களிலும் குறையுண்டு. தென்கசாயின் பிரிவினையை ஒடுக்க ஆகஸ்டு இறுதியில் அவர் அனுப்பிய படை, பக்குவாங்கா வட்டாரத்தில் லூபா இனப் பொதுமக்களைக் கொன்று குவித்தது. ஒன்றுபட்ட நாட்டைப் பாடியவரின் பெயரால் அப்படுகொலை நிகழ்ந்தது. கட்டளை அவருடையதன்று எனினும் படை அவருடையது. அப்பழியிலிருந்து அவரை முற்றும் விலக்க இயலாது. விரைந்து முடிவெடுப்பவர், உடனிருப்போரைக் கலவாது அறிக்கை விடுப்பவர், நண்பரையும் சொல்லால் புண்படுத்துபவர். அவரை உயர்த்திய சொல்வன்மையே அவருடைய துணைகளைக் குறைத்தது.

செப்டம்பர் 5ஆம் நாள் இரவு காசவுபு வானொலியில் தோன்றி லுமும்பாவைப் பதவிநீக்கம் செய்தார். சிறிது நேரத்தில் அதே வானொலியில் லுமும்பா காசவுபுவை நீக்கினார். உடனே ஐ.நா. அதிகாரிகள் வானொலி நிலையத்தையும் விமான நிலையங்களையும் மூடினர். நடுவுநிலை என்னும் பெயரில் செய்யப்பட்ட அச்செயல் ஒருவரை மட்டுமே ஊமையாக்கியது. காசவுபுவுக்கு ஆற்றின் மறுகரையில் பிராசவில் வானொலி திறந்தே இருந்தது. லுமும்பாவுக்கு நாடெங்கும் ஒரு குரல்வழியும் இல்லை. நாடாளுமன்றம் லுமும்பாவின் பக்கம் நின்றது. அதனால் பயனில்லை. செப்டம்பர் 14இல், அவராலேயே உயர்த்தப்பட்ட படைத்தலைவர் மொபுட்டு ஆட்சியைக் கைப்பற்றினார்.

வீட்டுக்காவலும் முடிவும்

அதன் பின் லுமும்பா தம் இல்லத்தில் காவலில் இருந்தார். உள்வளையத்தில் அவரைக் காக்க ஐ.நா. வீரர், வெளிவளையத்தில் அவரைப் பிடிக்க மொபுட்டுவின் வீரர். அந்நாளில் ஐ.நா.வின் பேராளராக அங்கிருந்தவர் இந்தியரான ராஜேஸ்வர் தயாள். லுமும்பாவைக் கைது செய்ய அனுமதிக்குமாறு வந்த கோரிக்கையை ஐ.நா. ஏற்கவில்லை, அதனால் தயாள் மேலை நாடுகளின் வெறுப்புக்கு ஆளானார்.

நவம்பர் 27ஆம் நாள் இரவு பெருமழையில் லுமும்பா காவலினின்றும் தப்பினார். ஆதரவாளர் நிறைந்த ஸ்டான்லிவில்லை அடைவதே நோக்கம். வழியூர்களில் மக்கள் அவரை அடையாளம் கண்டு சூழ்ந்தனர்; அவரும் நின்று பேசினார். பேசிய ஒவ்வொரு பொழுதும் பகைவரை அருகே கொணர்ந்தது. டிசம்பர் 1ஆம் நாள் சங்குரு ஆற்றங்கரையில், மனைவி பவுலினும் மகனும் உடனிருக்கப் பிடிபட்டார்.

மறுநாள் தலைநகரில் அவரைக் கைகட்டி வண்டியில் ஏற்றிவந்த காட்சியைப் படக்கருவிகள் பதிந்துள்ளன. தாமே முறையான அரசின் தலைவர் என அவர் விடுத்த அறிக்கையை ஒரு வீரன் உரக்கப் படித்தான். படித்த தாளைக் கசக்கி அவர் வாயில் திணித்தான். லுமும்பா முகம் திருப்பினார், ஒன்றும் பேசவில்லை. சொல்லையே படைக்கலமாகக் கொண்டவரை எவ்வாறு அவமதிப்பது என்பதை அவ்வீரன் எவரும் கற்றுத்தராமலே அறிந்திருந்தான்.

திஸ்வில் படைமுகாமிலிருந்து அவர் மனைவிக்கு எழுதிய மடலில் அச்சமும் இரத்தலும் இல்லை. ஆப்பிரிக்கா தன் வரலாற்றை ஒருநாள் தானே எழுதும் என்னும் உறுதி அதில் இருந்தது. 1961 சனவரி 17ஆம் நாள், தோழர்கள் மவுரிசு எம்போலோ, யோசப் ஒக்கித்தோ ஆகியோருடன் கட்டாங்காவுக்கு விமானத்தில் அனுப்பப்பட்டார், வழிநெடுக அடியுண்டார். அன்றிரவே காட்டிடையே மூவரும் ஒருவர்பின் ஒருவராகச் சுடப்பட்டனர். சுட்டோருக்குக் கட்டளையிட்டவர் பெல்ஜிய அதிகாரி. பார்த்து நின்றோருள் சோம்பேயும் அவருடைய அமைச்சர்களும் இருந்தனர். பின்னர்ப் பெல்ஜியக் காவல் அதிகாரி ஒருவர் உடல்களைத் தோண்டியெடுத்து, வெட்டி, கந்தக அமிலத்தில் கரைத்தார். கல்லறை ஒன்று இருந்தால் அது பேசும் என அஞ்சினர் போலும். சிற்றூர் மக்கள் கொன்றுவிட்டனர் எனப் பிப்ரவரி 13இல் பொய் அறிவிப்பு வந்தது. மறுநாள் பவுலின், தம் மரபின் துக்க முறைப்படி மேலாடை களைந்து, கணவரின் உடலைக் கேட்டுத் தலைநகரின் தெருக்களில் நடந்தார். கொடுக்க உடல் இல்லை.

பின்வந்தோர்

லுமும்பா அமர்ந்த பதவியில் இலேயோவும் அதூலாவும் அமர்ந்தனர். 1964இல், அவர் சுடப்பட்டபோது உடன்நின்ற சோம்பேயே அப்பதவியில் அமர்ந்தார். ஓராண்டுக்குச் சற்று மேல் ஆண்ட அவர் பின்னர் நாட்டைவிட்டு ஓடி, 1969இல் அல்சீரியாவில் காவலில் இறந்தார். அடுத்து வந்த கிம்பா, கட்டாங்கா அரசில் வெளியுறவு அமைச்சராக இருந்தவர். மொபுட்டு அவரை 1966இல் மக்கள் முன்னிலையில் தூக்கிலிட்டார். அவ்வாண்டிலேயே பிரதமர் பதவியையும் ஒழித்தார். அதே ஆண்டில் லுமும்பாவை நாட்டின் வீரர் எனவும் அறிவித்தார். வீழ்த்தியவரே சிலை எடுப்பதும் அரசியலில் நிகழ்வதுதான். ஒழிக்கப்பட்ட பதவி 1977இல் மீண்டும் தோன்றியது. லுமும்பாவின் துணைப் பிரதமராக இருந்த அந்துவான் கிசெங்கா, நாற்பத்தைந்து ஆண்டுகளுக்கும் மேல் கடந்து, 2006 டிசம்பரில் பிரதமராக அமர்த்தப்பட்டார். 2024இல் முதன்முறையாகப் பெண் ஒருவர், யூதித் சுமின்வா, அப்பதவியை ஏற்றார்.

பெல்ஜிய ஆய்வாளர் லூடோ டி விட்டே 1999இல் வெளியிட்ட நூல் கொலையின் மறைவுகளை வெளிச்சத்துக்குக் கொணர்ந்தது. பெல்ஜிய நாடாளுமன்றக் குழு ஆராய்ந்து, தம் நாட்டினர் சிலர்க்கு அறவழிப் பொறுப்புண்டு என 2001இல் கூறியது. மறு ஆண்டில் அரசு மன்னிப்புக் கோரியது. அதற்குள் எழுத்துலகம் தன் கடனை ஆற்றியிருந்தது. மார்த்தினீக் தீவின் கவிஞர் எமே செசேர் 1966இல் அவரைப் பற்றி நாடகம் எழுதினார். அமெரிக்கக் கறுப்பினக் கவிஞர் லாங்சுடன் இயூசு அவருடைய இல்லாத கல்லறையைப் பாடினார்.

அமிலத்தில் கரையாமல் எஞ்சியது ஒரு பல். உடலைக் கரைத்த காவல் அதிகாரி அதனை வெற்றிப்பொருள்போல் வீட்டில் வைத்திருந்தார். 2022 சூன் 20ஆம் நாள் பிரசெல்சில் அது லுமும்பாவின் மக்களிடம் ஒப்படைக்கப்பட்டது. பேழையில் வைத்து, அவர் பிறந்த ஒனலுவாவுக்கும், பணிபுரிந்த கிசங்கானிக்கும், சுடப்பட்ட கட்டாங்கா மண்ணுக்கும் எடுத்துச் சென்றனர். சூன் 30ஆம் நாள் கின்சாசாவில் அரசு மரியாதையுடன் அடக்கம் செய்தனர். அவர் நிரலில் இல்லாமல் எழுந்து பேசிய நாளிலிருந்து அன்றைக்கு 62 ஆண்டுகள் நிறைந்திருந்தன. பேசிய வாயின் ஒரு பல் மட்டும் தாய்மண்ணை அடைந்தது. பேசிய சொற்களோ அந்நாட்டின் பள்ளிப் பிள்ளைகளுக்கு அதற்கு முன்பே தெரிந்திருந்தன.